சிகரெட் வரியில் பிறந்த நலவாழ்வு அமைப்புகள்: நாடுகள் ஒன்றிடமிருந்து ஒன்று கற்றது என்ன?

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1987இல் ஒரு புகையிலைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. புகையிலை விளம்பரங்களை ஒடுக்கிய சட்டம் என்றுதான் அது முதலில் பேசப்பட்டது. ஆனால் அந்தச் சட்டத்துக்குள் இன்னொரு ஏற்பாடும் இருந்தது. புகையிலை விற்பனை மீது 5 சதவீதம் கூடுதலாக வசூலித்து, அந்தப் பணத்தை மக்கள் நோயில் விழாமல் காக்கும் வேலைக்கென்றே ஒரு தனி அமைப்பிடம் ஒப்படைப்பது. அப்படிப் பிறந்ததுதான் விக்ஹெல்த். புகையிலை வரியில் இயங்கும் சுகாதார மேம்பாட்டு அறக்கட்டளை என்ற வகையில் உலகிலேயே முதலாவது.

இந்த யோசனைக்காக வருடக்கணக்கில் வாதாடியவர் விக்டோரியா புற்றுநோய் எதிர்ப்புக் கழகத்தின் தலைவராக இருந்த டாக்டர் நைஜல் கிரே. அன்றைய சுகாதார அமைச்சர் டேவிட் வொயிட் அதைச் சட்டமாக்கினார். புகழ்பெற்ற நோய் எதிர்ப்பியல் விஞ்ஞானி குஸ்தாவ் நோசல் முதல் வாரியத் தலைவரானார். வாரியத்தில் மூன்று இடங்கள் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு. வெவ்வேறு கட்சிக்காரர்கள் ஒரே மேசையில் உட்கார வழி செய்த ஏற்பாடு இது. நிதியில் குறைந்தது 30 சதவீதம் விளையாட்டு அமைப்புகளுக்குப் போக வேண்டும் என்றும் சட்டம் சொன்னது.

விளையாட்டுக்கு ஏன் அவ்வளவு? அன்றைக்குக் கிரிக்கெட், கால்பந்து, கார்ப் பந்தயம் என்று எதை எடுத்தாலும் சிகரெட் நிறுவனங்களின் ஸ்பான்சர் பணம் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று அதை நிறுத்தினால் மைதானங்களும் சங்கங்களும் தத்தளிக்கும், அவர்களே சட்டத்துக்கு எதிராகத் தெருவில் இறங்குவார்கள். அதனால் சிகரெட் நிறுவனம் கொடுத்துவந்த பணத்தை அறக்கட்டளை கொடுத்தது. சட்டையில் சிகரெட் பெயர் இருந்த இடத்தில் ‘புகையை விடுங்கள்’ என்ற செய்தி வந்தது. எதிரணியில் நின்றிருக்க வேண்டிய விளையாட்டுச் சங்கங்கள் நண்பர்களாகிவிட்டன. அரசியல் கணக்குப் போடத் தெரிந்தவர்கள் எழுதிய சட்டம் அது.

இங்கே நியாயமான கேள்வி ஒன்று வரும். சுகாதாரத்துக்கென்று ஒரு அமைச்சகம் இருக்கும்போது தனி அமைப்பு எதற்கு?

உலகில் நிகழும் மரணங்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்குக்குக் காரணம் இதயநோய், பக்கவாதம், புற்றுநோய், நீரிழிவு, நாள்பட்ட நுரையீரல் நோய் போன்ற தொற்றா நோய்கள். புகை, மது, உணவு, உடலுழைப்பு இல்லாத வாழ்க்கை ஆகியவைதான் இவற்றுக்குப் பெரிய காரணங்கள். இவை எதையும் மருத்துவமனைக்குள் வைத்து மாற்ற முடியாது. பள்ளிக்கூடம், சாலை, பூங்கா, தொழிற்சாலை, ஊடகம், உள்ளாட்சி என்று பல இடங்களில் வேலை செய்ய வேண்டும். சுகாதார அமைச்சகத்தின் பட்ஜெட்டோ ஒவ்வொரு ஆண்டும் படுக்கைக்கும் மருந்துக்கும் சம்பளத்துக்குமே போதாமல் இழுபறியாக இருக்கும். வலியோடு வாசலில் நிற்கும் நோயாளியை விட்டுவிட்டு, இருபது வருடம் கழித்து வரக்கூடிய நோயைத் தடுக்கப் பணம் ஒதுக்குங்கள் என்று எந்த அமைச்சரிடமும் எளிதில் சொல்ல முடியாது. அமைச்சர் கெட்டவர் என்பதல்ல காரணம். கண்முன் தெரியும் துன்பம்தான் எப்போதும் முதலில் பணத்தை வாங்கிக்கொள்ளும்.

அதனால்தான் இந்த அமைப்புகளுக்கான மாதிரி வடிவம் இப்படி வகுக்கப்பட்டது: தனிச் சட்டம், தொடர்ந்து வரும் தனி வருமானம், பல துறையினர் அமர்ந்த வாரியம், அமைச்சகங்களையும் தொண்டு நிறுவனங்களையும் ஊர்க் குழுக்களையும் நேரடியாக நிதி கொடுத்து இயக்கும் அதிகாரம். வைத்தியம் பார்ப்பது இவற்றின் வேலை அல்ல.

விக்டோரியாவுக்கு அடுத்த ஆண்டே தெற்கு ஆஸ்திரேலியா இதே பாணியில் ஓர் அறக்கட்டளை தொடங்கியது. மேற்கு ஆஸ்திரேலியாவில் 1991இல் ஹெல்த்வே என்ற அமைப்பு வந்தது. ஒரே நாட்டின் மாநிலங்கள், ஒரே மொழி, ஒரே மாதிரியான சட்ட மரபு. அங்கே யோசனை பரவியதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. வேறு அரசமைப்பும் வேறு மொழியும் வேறு வருமான நிலையும் கொண்ட ஒரு நாட்டுக்கு அது எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதுதான் கவனித்துப் பார்க்க வேண்டிய விஷயம். அந்த நாடு தாய்லாந்து.

தாய்லாந்தின் கதை 2001இல் தொடங்கவில்லை. அமெரிக்க சிகரெட்டுகளுக்குச் சந்தையைத் திறக்க வேண்டும் என்ற வழக்கு, உலக வர்த்தக நிறுவனத்துக்கு முன்னோடியான காட் அமைப்பின் முன் போய், 1990இல் தீர்ப்பு வந்தது. சந்தையைத் திறந்தாக வேண்டும். ஆனால் உள்நாட்டு, வெளிநாட்டுச் சரக்கு என்று பாகுபாடு காட்டாமல் வரி போடவும் விளம்பரத்தைத் தடுக்கவும் நாட்டுக்கு உரிமை உண்டு. தாய்லாந்து மருத்துவர்களும் ஆர்வலர்களும் தீர்ப்பின் இரண்டாம் பாதியை இறுகப் பிடித்துக்கொண்டார்கள். 1992இல் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் வந்தன. அடுத்து, சிகரெட் கலால் வரியை மக்கள் நலத்தைக் காரணமாகச் சொல்லி 55 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாக உயர்த்த அமைச்சரவை ஒப்புக்கொண்டது. டாக்டர் பிரகித் வாதீசாதோக்கித் போன்றவர்கள் அந்த முயற்சியின் முன்னணியில் நின்றார்கள்.

வரி ஏறியும் அரசின் வருமானம் குறையவில்லை, கூடியது. நிதி அமைச்சக அதிகாரிகள் இதைக் கண்ணால் பார்த்தார்கள். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அடித்தளம் அந்த அனுபவம்தான் என்று நினைக்கிறேன். ‘வரியை உயர்த்தினால் கஜானா காலியாகிவிடும்’ என்ற வாதம் எந்த நாட்டிலும் முதல் தடையாக வரும். தாய்லாந்தில் அது பேச்சு தொடங்கும் முன்பே உடைந்திருந்தது.

1990களின் நடுவில் தாய்லாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் போய் விக்ஹெல்த் எப்படி வேலை செய்கிறது என்று படித்துவந்தார்கள். திரும்பி வந்தவர்கள் பார்த்ததை அப்படியே நகலெடுக்கவில்லை. விக்டோரியாவில் புகையிலை மட்டும். தாய்லாந்தில் மதுவையும் சேர்த்தார்கள். அதைவிட முக்கியமாக, வரியின் வடிவத்தைக் கவனமாகத் தேர்ந்தெடுத்தார்கள். இருக்கும் கலால் வரியிலிருந்து ஒரு பங்கைக் கேட்டால் நிதி அமைச்சகம் தன் பையிலிருந்து எடுப்பதாக உணரும். அதனால் கலால் வரித் தொகைக்கு மேல் இன்னும் 2 சதவீதத்தை உற்பத்தியாளரும் இறக்குமதியாளரும் தனியாகக் கட்ட வேண்டும் என்று எழுதினார்கள். அரசின் வழக்கமான வருமானம் ஒரு காசும் குறையாது. புகையிலை, மது விற்கும் இடத்திலிருந்து புதிய பணம் வரும், நேராக அமைப்பின் கணக்குக்குப் போகும். இவ்வளவு சின்ன ஏற்பாடு, நிதி அமைச்சகத்தின் எதிர்ப்பைப் பெருமளவு கரைத்துவிட்டது.

2000இல் முதலில் அரச ஆணை மூலம் ஒரு அலுவலகம் அமைந்தது. 2001இல் முழுச் சட்டம் நிறைவேறி தாய்ஹெல்த் உருவானது. டாக்டர் சுபகோன் புவாசாய் அதை முதலில் வழிநடத்தினார். வாரியத்துக்குப் பிரதமரே தலைவர், சுகாதார அமைச்சர் துணைத் தலைவர்களில் ஒருவர், அதோடு செலவின் பலனைத் தனியாக அளக்க ஒரு மதிப்பீட்டு வாரியம். மூத்த மருத்துவச் சிந்தனையாளர் பிரவாசே வாசி சொன்ன ‘மலையை நகர்த்தும் முக்கோணம்’ அங்கே எல்லோர் வாயிலும் புழங்கும் தொடர். அறிவு, மக்கள் இயக்கம், அரசியல் உறுதி மூன்றும் சேர்ந்தால்தான் பெரிய மாற்றம் வரும் என்பது அதன் பொருள்.

ஆண்டுக்குச் சுமார் 400 கோடி பாட் என்பது தாய்ஹெல்த்தின் வரவு. நாட்டின் மொத்த மருத்துவச் செலவோடு ஒப்பிட்டால் 1 சதவீதம்கூடக் கிடையாது. அதைக்கொண்டு புத்தமத நோன்புக் காலமான மூன்று மாதங்களில் மதுவைத் தவிர்க்கச் சொல்லும் இயக்கத்தை நாடு முழுக்கக் கொண்டுபோனார்கள். சாலை விபத்து, உடற்பயிற்சி, பள்ளி உணவு என்று கிளைகள் விரிந்தன. 1991இல் 32 சதவீதமாக இருந்த புகைப்போர் விகிதம் 2021இல் 17.4 சதவீதமாக இறங்கியது. அத்தனையும் ஒரே அமைப்பின் சாதனை என்று சொன்னால் தப்பு. வரி உயர்வு, விளம்பரத் தடை, பொது இடங்களில் தடை எல்லாம் சேர்ந்த பலன் அது. ஆனால் அந்தச் சட்டங்கள் காகிதத்தில் தூங்கிவிடாமல் விழிப்போடு வைத்திருந்த கூட்டத்துக்குச் சம்பளமும் பயணச்செலவும் ஆராய்ச்சிக் காசும் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால், அந்த 2 சதவீதம் தெரியும். 2021இல் உலக சுகாதார நிறுவனம் நெல்சன் மண்டேலா பெயரிலான சுகாதார மேம்பாட்டு விருதை தாய்ஹெல்த்துக்குக் கொடுத்தது.

சரி, ஒரு நாடு இன்னொரு நாட்டைப் பார்த்துக் கற்றது. அது எப்படி ஒரு சர்வதேசக் கூட்டுறவாக மாறியது?

1999இல் இந்த வகை அமைப்புகள் சேர்ந்து சுகாதார மேம்பாட்டு அறக்கட்டளைகளின் சர்வதேச வலையமைப்பை உருவாக்கின. ஆஸ்திரேலிய அமைப்புகளோடு சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா, ஹங்கேரி, பின்னால் தாய்லாந்து, கொரியா, மலேசியா, டோங்கா என்று பட்டியல் நீண்டது. பெரிய கட்டடமோ பெரிய பணமோ இல்லாத வலையமைப்பு இது. ஏற்கெனவே இருப்பவர்கள் புதிதாகத் தொடங்க நினைப்பவர்களுக்குக் கைகொடுப்பதுதான் அதன் முதல் வேலை. உங்கள் சட்டத்தில் வாரியத்தை எப்படி அமைத்தீர்கள், நிதி அமைச்சகம் என்ன கேட்டது, சிகரெட் நிறுவனத்தின் வழக்கறிஞர் என்ன சொன்னார், முதல் வருடம் யாருக்கு நிதி கொடுத்தீர்கள் என்ற கேள்விகளுக்குச் சொந்த அனுபவத்திலிருந்து பதில் சொல்லக்கூடிய ஆட்கள் உலகில் மிகச் சிலரே இருந்தார்கள். அவர்கள் ஒருவரையொருவர் தொலைபேசியில் அழைக்க முடிந்ததே பெரிய விஷயம்.

உலக சுகாதார நிறுவனத்தின் பங்கு வேறு வகையானது. மேற்கு பசிபிக் மண்டல அலுவலகமும் ஜப்பானின் கோபே நகரில் உள்ள மையமும் சேர்ந்து 2004 வாக்கில் புரோலீட் என்ற தலைமைப் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கின. தனி ஆட்களை அழைத்து வகுப்பு நடத்துவதற்குப் பதிலாக, ஒவ்வொரு நாட்டிலிருந்தும் ஒரு குழுவாக அழைத்து, தங்கள் நாட்டுக்கே ஒரு உண்மையான திட்டத்தைக் கையில் கொடுத்து உழைக்கவைத்தார்கள். டோங்கா, மலேசியா, மங்கோலியா போன்ற நாடுகளில் பின்னால் வந்த அமைப்புகளுக்கு உழைத்தவர்கள் பலருக்கு அந்தப் பயிற்சி ஒரு படிக்கட்டு. விக்ஹெல்த்தும் சுகாதார மேம்பாட்டுத் தலைமைக்கான உலக சுகாதார நிறுவனக் கூட்டு மையமாக இயங்கியது.

2005 இரண்டு வகையில் திருப்புமுனை. பிப்ரவரி 27 அன்று உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டுக் கட்டமைப்பு உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. அதன் 6ஆம் பிரிவு விலையையும் வரியையும் பற்றிப் பேசுகிறது. 26ஆம் பிரிவு பணத்துக்கு வழி தேடச் சொல்கிறது. 5.3 பிரிவு புகையிலை நிறுவனங்களின் தலையீட்டிலிருந்து கொள்கையைக் காக்கச் சொல்கிறது. ஒரு சுகாதார அதிகாரி தன் நாட்டு நிதி அமைச்சரிடம் போய், ‘நாம் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இதைச் சொல்கிறது’ என்று சொல்ல முடிந்தது அதற்குப் பிறகுதான். அதே ஆண்டு ஆகஸ்டில் பாங்காக்கில் சுகாதார மேம்பாட்டுக்கான ஆறாவது உலக மாநாடு நடந்து, பாங்காக் சாசனம் வெளியானது. மாநாட்டுக்கு வந்த பல நாட்டு அதிகாரிகள் தாய்ஹெல்த்தை நேரில் பார்த்தார்கள். கட்டுரை படிப்பதற்கும் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிக் காட்டும் ஆளோடு உட்காருவதற்கும் வித்தியாசம் நிறைய.

தென்கிழக்கு ஆசியாவில் இந்த வேலையைத் தொடர்ந்து செய்துவருவது சியாட்கா என்ற புகையிலைக் கட்டுப்பாட்டுக் கூட்டமைப்பு. பாங்காக்கில் இருந்து இயங்கும் இதற்குத் தாய்ஹெல்த்தின் ஆதரவு உண்டு. அதாவது தாய்லாந்து புகைப்போரும் குடிப்போரும் கட்டும் கூடுதல் வரியின் ஒரு துளி, அண்டை நாடுகள் இதே போன்ற அமைப்பைத் தொடங்கவும் உதவியது. உதவி வாங்கிய நாடு உதவி கொடுக்கும் நாடாக மாற பத்து வருடம்கூட ஆகவில்லை. சர்வதேச உதவி என்றாலே பணக்கார நாடு ஏழை நாட்டுக்குக் கொடுப்பது என்ற பழக்கமான பார்வையில் இந்தக் கதை அடங்காது. எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

கூட்டாளிகள் உண்மையில் என்ன செய்து தருகிறார்கள் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வெளியே இருந்து பார்த்தால் மாநாடும் புகைப்படமும்தான் தெரியும். உள்ளே நடப்பது பெரும்பாலும் கணக்கு வேலை. ஒரு பாக்கெட்டுக்கு இவ்வளவு கூட்டினால் விற்பனை எவ்வளவு குறையும், வருமானம் எவ்வளவு கூடும், கடத்தல் உண்மையிலேயே பெருகுமா என்று அந்த நாட்டின் எண்களையே வைத்துப் போட்டுக் காட்ட வேண்டும். அடுத்தது சட்ட வரைவு. எந்த நாட்டின் அரசமைப்பில் தனி வரி ஒதுக்கீட்டுக்கு இடம் உண்டு, எங்கே இல்லை என்று பார்க்க வேண்டும். அப்புறம், சுகாதார அதிகாரிகளோடு நிதி அமைச்சக அதிகாரிகளையும் சேர்த்து ஏற்கெனவே இயங்கும் அமைப்புக்கு அழைத்துப்போக வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தை வெறும் சுற்றுப்பயணம் என்று சிலர் ஒதுக்குவார்கள். சுகாதாரத்துறைக்காரர்கள் மட்டும் போய்வந்தால் அது சுற்றுப்பயணம்தான். கையெழுத்துப் போடும் அதிகாரம் உள்ள நிதித்துறை அதிகாரி, தன்னைப் போன்ற இன்னொரு நாட்டு நிதித்துறை அதிகாரியோடு பேசும்போதுதான் ஏதாவது நகரும்.

2017இல் தொடங்கிய, பிரிட்டன், நார்வே, ஆஸ்திரேலியா நிதியளித்த ஒரு திட்டத்தின் கீழ் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் செயலகமும் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் பல வளரும் நாடுகளில் புகையிலையால் பொருளாதாரத்துக்கு ஏற்படும் இழப்பைக் கணக்கிட்டுக் கொடுத்தன. சுகாதார மொழியில் சொன்னதைப் பணத்தின் மொழியில் மாற்றிச் சொல்லும் வேலை அது. நாடாளுமன்ற விவாதத்தில் அதற்கு இருக்கும் எடை தனி.

இத்தனை உதவி கிடைத்தும் நாடுகள் ஒரே இடத்துக்கு வந்து சேரவில்லை.

டோங்கா பசிபிக் கடலில் சுமார் ஒரு லட்சம் பேர் வாழும் தீவு நாடு. உடல்பருமனும் நீரிழிவும் உலகிலேயே மிக அதிகமாக உள்ள இடங்களில் ஒன்று. 2007இல் சட்டம் போட்டு டோங்காஹெல்த் அறக்கட்டளையைத் தொடங்கியது. பசிபிக் தீவு நாடுகளில் அதுதான் முதல். அரசுப் பணத்தோடு ஆஸ்திரேலிய உதவியும் சேர்ந்து அது நடந்தது. அங்கே புகையிலை வரியை மட்டும் நம்பி ஒரு அமைப்பை நடத்த முடியாது. மக்கள்தொகையே அவ்வளவுதான். சின்ன நாடுகளுக்குக் கூட்டாளியின் பணம் நீண்ட காலம் தேவைப்படும் என்பதை நன்கொடை நாடுகள் ஒளிவுமறைவில்லாமல் ஏற்க வேண்டும். மூன்று வருடத்தில் சொந்தக் காலில் நில் என்று அவர்களிடம் சொல்வது நியாயமில்லை.

மலேசியா 2006இல் சட்டம் நிறைவேற்றி, அடுத்த ஆண்டு மைசிஹாட் என்ற வாரியத்தைத் தொடங்கியது. பெயர், வாரியம், திட்டம் எல்லாம் இருந்தன. ஆனால் வரியோடு பிணைத்த வருமானம் இல்லை. அரசு ஆண்டுதோறும் பட்ஜெட்டில் கொடுப்பதுதான். 2019இல் அரசு செலவைச் சுருக்கத் தொடங்கியதும் அந்த வாரியமே கலைக்கப்பட்டது. ஒரு சட்டத்தால் பிறந்தது இன்னொரு சட்டத்தால் போனது.

வியட்நாம் வேறு பாதையில் போனது. பரந்த சுகாதார அறக்கட்டளை வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல், புகையிலைக்கு மட்டும் ஒரு நிதியத்தை ஏற்றுக்கொண்டது. 2012இல் வந்த சட்டத்தின்படி உற்பத்தியாளர்களும் இறக்குமதியாளர்களும் 2013 மே முதல் 1 சதவீதம், 2016இல் 1.5, 2019இல் 2 சதவீதம் என்று படிப்படியாகக் கட்ட வேண்டும். நிதியம் சுகாதார அமைச்சகத்தின் கீழேயே இருக்கிறது. சுதந்திர அமைப்பு வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இது குறையாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒவ்வொரு மூன்று ஆண்டிலும் விகிதம் தானாக ஏறும்படி சட்டத்திலேயே எழுதியது மிகவும் கெட்டிக்காரத்தனம். ஒவ்வொரு முறையும் நாடாளுமன்றத்தின் முன் புதிதாகப் போராட வேண்டியதில்லை.

மங்கோலியா புகையிலை, மது வரிகளில் சிறு பங்கை ஒதுக்கியது. வங்கதேசம் 2014இல் புகையிலைப் பொருள்கள் மீது 1 சதவீதச் சுகாதார மேம்பாட்டுக் கூடுதல் வரி போட்டது. ஆனால் அந்தப் பணத்தை எப்படிக் கையாள்வது என்ற கொள்கை 2017இல்தான் வந்தது. வரி முதலில், அமைப்பு அப்புறம் என்று வரிசை மாறினால் நடுவில் வரும் பணம் பொதுக் கஜானாவில் கலந்துவிடும், திரும்ப எடுப்பது கடினம்.

தென்கொரியா இன்னொரு வகைப் பாடம். 1995இல் சுகாதார மேம்பாட்டுச் சட்டம் வந்தது. சிகரெட் பாக்கெட்டுக்கு 2 வான் (கொரிய நாணயம்) என்று தொடங்கிய வசூல் 2015இல் 841 வான் ஆனது. இன்று அது மிகப் பெரிய நிதி. ஆனால் அதில் பெரும்பகுதி தேசிய மருத்துவக் காப்பீட்டின் பற்றாக்குறையை அடைக்கப் போகிறது. காப்பீடும் மக்களுக்குத்தான், அதை நான் மறுக்கவில்லை. இருந்தாலும் நோய் வராமல் தடுக்க என்று வசூலித்த பணம் மறுபடியும் மருத்துவமனைப் பில்லுக்கே போய்விட்டது. அமைச்சகத்துக்கு வெளியே தனி அமைப்பு எதற்கு என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடைக்காது.

புகையிலையே வேண்டாம் என்று வேறு வழி கண்ட நாடுகளும் உண்டு. சுவிட்சர்லாந்தில் மருத்துவக் காப்பீட்டுச் சட்டப்படி காப்பீடு உள்ள ஒவ்வொருவரிடமும் ஆண்டுக்கு ஒரு சிறு தொகை வசூலித்துத் தேசிய அறக்கட்டளைக்குக் கொடுக்கிறார்கள். நீண்ட காலம் 2.40 பிராங்க், 2018 முதல் 4.80 பிராங்க். ஆஸ்திரியா 1998இல் சட்டம் போட்டு, விற்பனை வரி வருமானத்திலிருந்து ஆண்டுக்கு 72.5 லட்சம் யூரோ ஒதுக்கியது. இந்த வழிகளில் ஒரு நன்மை இருக்கிறது. புகைப்போர் குறையக் குறைய அறக்கட்டளையின் வருமானமும் குறையுமே என்ற கவலை இல்லை. புகையிலை வரியை நம்பும் நாடுகளில் அந்தக் கவலை உண்மையானது, ஆனால் உடனடியானதல்ல. வரி விகிதத்தை ஏற்றிக்கொண்டே போக இன்னும் நிறைய இடம் இருக்கிறது.

இந்தத் துறையில் வேலை செய்பவர்கள் தொடக்க விழாக்களைப் பற்றிப் பேசும் அளவுக்கு நெருக்கடிகளைப் பற்றிப் பேசுவதில்லை. அது தவறு. இதில் கற்க வேண்டிய முக்கியமான விஷயங்கள் நெருக்கடிகளில்தான் இருக்கின்றன.

1997இல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம், மாநிலங்கள் வசூலித்த புகையிலை உரிமக் கட்டணம் உண்மையில் கலால் வரியே, அதை விதிக்கும் அதிகாரம் மத்திய அரசுக்கு மட்டுமே உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. அந்த ஒரே தீர்ப்பில் மாநில அறக்கட்டளைகளின் வருமான வழி அடைந்துபோனது. அடுத்த ஆண்டே தெற்கு ஆஸ்திரேலியாவின் அமைப்பு மூடப்பட்டது. விக்ஹெல்த் மூடப்படவில்லை. அரசு தன் பொது நிதியிலிருந்து பணம் கொடுத்துத் தொடர்ந்து நடத்தியது. ஹெல்த்வேயும் பிழைத்தது. வாரியத்தில் எல்லாக் கட்சியினரும் உட்கார்ந்திருந்ததும், ஊர் ஊராக விளையாட்டுச் சங்கங்களும் கலைக் குழுக்களும் அந்தப் பணத்தில் பயனடைந்திருந்ததும் விக்ஹெல்த்தைக் காப்பாற்றியதில் பெரும் பங்கு வகித்தன என்பது என் கணிப்பு.

தாய்ஹெல்த்துக்கும் சோதனைக் காலம் வந்தது. ராணுவ ஆட்சியில், 2015இல் அதன் செலவுகள் விசாரிக்கப்பட்டன. எது சுகாதார மேம்பாடு, எது இல்லை என்று சண்டை. திட்டங்களுக்கான பணம் மாதக்கணக்கில் நின்றது. சின்னச் சின்ன ஊர்க்குழுக்கள்தான் முதலில் அடிபட்டன. 2016 ஜனவரியில் வாரிய உறுப்பினர்கள் ஏழு பேர் நீக்கப்பட்டார்கள். நிதி கொடுக்கும் குழுவில் இருப்பவர்களுக்கு நிதி வாங்கும் அமைப்புகளோடும் தொடர்பு இருந்தது என்ற குற்றச்சாட்டு அப்போது எழுந்தது. இதை அரசியல் பழிவாங்கல் என்று ஒரேயடியாகத் தள்ளிவிட மனம் வரவில்லை. சின்னத் துறையில் தெரிந்தவர்களே எல்லா இடத்திலும் இருப்பார்கள். ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தின் ஒப்புதல் கேட்காமல் வரும் பணத்தைக் கையாள்பவர்கள், மற்ற அரசு அலுவலகங்களை விடக் கூடுதலாகவே கணக்குக் காட்ட வேண்டும். புதிய நாடுகளுக்குச் சட்டம் எழுதிக் கொடுக்கும் கூட்டாளிகள், வரி விகிதத்துக்குக் கொடுக்கும் அக்கறையை இந்த விதிகளுக்கும் கொடுக்க வேண்டும். பணம் கொடுப்பவர் யார், வாங்குபவர் யார் என்ற கோடு முதல் நாளிலேயே தெளிவாக இருந்தால், பின்னால் எதிரிகளுக்குக் கைப்பிடி கிடைக்காது.

தாய்லாந்தில் இன்னொரு விளைவும் நடந்தது. மாதிரி வெற்றி பெற்றதும் மற்றவர்களும் அதே வழியில் வந்தார்கள். 2008இல் பொது ஒளிபரப்பு நிறுவனத்துக்கு 1.5 சதவீதம், அதற்குப் பிறகு விளையாட்டு வளர்ச்சி நிதிக்கு 2 சதவீதம், முதியோர் நிதிக்கு 2 சதவீதம். எல்லாமே நல்ல நோக்கங்கள். ஆனால் ஒரே வரி மேல் இத்தனை பேர் தொங்கினால், சீர்திருத்தம் என்ற பேச்சு வரும்போது எல்லாரும் சேர்ந்து ஆட்டம் காண்பார்கள்.

வரி ஏழைகளையே அதிகம் பாதிக்கும் என்ற விமர்சனத்தையும் கடந்துபோக முடியாது. ஏழைகள் தங்கள் வருமானத்தில் பெரிய பங்கைப் புகையிலைக்குச் செலவிடுகிறார்கள் என்பது உண்மை. விலை ஏறும்போது முதலில் விடுபவர்களும் குறைப்பவர்களும் அவர்களே என்பதும் உண்மை. நோயால் குடும்பம் கடனில் விழும் ஆபத்தும் அவர்களுக்குத்தான் அதிகம். இந்தக் கணக்கை முழுமையாகப் போட்டால் வரி அவர்களுக்கு எதிரானது இல்லை. ஆனால் வசூலான பணம் நகரத்து விளம்பரப் பலகைகளுக்கும் ஓட்டல் கருத்தரங்குகளுக்கும் போனால் அந்த வாதம் பொய்யாகிவிடும். பணம் யாரிடம் வாங்கப்பட்டதோ அவர்கள் வாழும் இடத்துக்குத் திரும்பிப் போகிறதா என்பதைத்தான் ஒரு அறக்கட்டளையின் ஆண்டறிக்கையில் நான் முதலில் தேடுவேன்.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் சர்வதேசக் கூட்டுறவின் பெரிய பலவீனம் ஒன்று தெரிகிறது. சட்டம் நிறைவேறும் நாள்வரை எல்லோரும் உடன் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு கூட்டாளிகள் அடுத்த நாட்டுக்குப் போய்விடுகிறார்கள். மலேசியாவில் வாரியம் கலைந்தது சட்டம் வந்து ஏறக்குறைய 13 ஆண்டுகள் கழித்து. தாய்லாந்தில் நெருக்கடி வந்தது 14 ஆண்டுகள் கழித்து. விக்டோரியாவில் நீதிமன்றத் தீர்ப்பு 10 ஆண்டுகள் கழித்து. எந்த நன்கொடைத் திட்டத்தின் காலக்கெடுவும் அவ்வளவு தூரம் போவதில்லை. பத்தாவது ஆண்டில் உதவிக்கு வருவோம் என்று முதல் ஆண்டிலேயே எழுதிக்கொடுக்கும் ஒப்பந்தம்தான் இந்தத் துறைக்குத் தேவை. ஆட்சி மாறும்போது புதிய நிதி அமைச்சரிடம் பேச ஆள் அனுப்புவது, வழக்கு வந்தால் சட்ட உதவி கொடுப்பது, செலவின் பலனை வெளியாளை வைத்து அளந்து தருவது எல்லாம் அதில் இருக்க வேண்டும். தொடங்க ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது பெரிய தொகையே இல்லை.

இப்போது இந்த அக்கறை அவசரமாகத் தேவைப்படும் இடம் லாவோஸ். அங்கே 2009இல் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டமும், 2013இல் புகையிலைக் கட்டுப்பாட்டு நிதியத்துக்கான ஆணையும் வந்தன. பாக்கெட்டுக்கு 200 கிப் (லாவோஸ் நாணயம்), நிறுவனங்களின் லாபத்தில் 2 சதவீதம் என்று வருமானமும் எழுதப்பட்டது. ஆனால் அரசு 2001இல் ஒரு பன்னாட்டு சிகரெட் நிறுவனத்தோடு 25 ஆண்டு முதலீட்டு ஒப்பந்தம் போட்டு, வரிக்கு உச்சவரம்பு வைத்துவிட்டிருந்தது. அந்த ஒப்பந்தத்தைக் காட்டியே நிதியத்துக்குச் சேர வேண்டிய பணம் ஆண்டுக்கணக்கில் தடுக்கப்பட்டது. நல்ல சட்டம் எழுத உதவியவர்கள் இருந்தார்கள். அதற்கு முன்பே எழுதப்பட்டிருந்த ஒப்பந்தத்தின் முன் அந்தச் சட்டம் கைகட்டி நின்றது. அந்த 25 ஆண்டுக் கணக்கு முடிவது 2026 வாக்கில். அதைப் புதுப்பிக்கச் சொல்லி நிறுவனத்தின் ஆட்கள் நிதி அமைச்சகத்தின் கதவைத் தட்டும்போது, புதிய வரி விகிதத்துக்கான கணக்கும் வழக்கு வந்தால் நிற்கக்கூடிய வழக்கறிஞரும் சுகாதார அமைச்சகத்தின் பக்கம் தயாராக இருக்க வேண்டும். பாங்காக்கிலும் மெல்போர்னிலும் ஜெனீவாவிலும் அதற்கு உதவக்கூடியவர்கள் இருக்கிறார்கள்.